ஞாயிற்றின் அருகே கடந்துபோன விண்மீன்

வாய்மொழி பெயர்ப்பவனுக்கு விதிக்கப்பட்ட முதற்கடமை, தான் அந்த அறையில் இல்லாதவன்போல் இருப்பது. கேட்டதைச் சொல்ல வேண்டும், கேளாததைச் சொல்லலாகாது. பேசுபவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே பெயர்க்க வேண்டும். அவர் தயங்கினால் அந்தத் தயக்கமும் என் வாயில் கேட்க வேண்டும். டுசல்டோர்ஃப் நகரில், அடைக்கலம் கோரி வருவோரை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் இக்கடமையை ஆற்றினேன். அறிந்தே அதை மீறியது ஒரே ஒரு முறை. மீறலுக்குக் காரணமாய் இருந்தவை கோள்கள். உரியவரின் இசைவு பெற்ற பின்னரே இதனை எழுதுகிறேன். அவரை அடையாளங் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இயற்பியல் கற்றவன். அந்தப் பட்டம் ஜேர்மனியில் எனக்குச் சோறு போடவில்லை; இரு மொழி அறிந்த நாவே போட்டது. ஆயினும் பழைய கல்வி உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. விசாரணை இல்லாத நாள்களில் நகர நூலகத்துக்குச் சென்று, சாளரத்தோரம் ஓர் இருக்கையைப் பிடித்து, கோள்கள் எவ்வாறு தோன்றின என்று மாந்தர் எண்ணிவந்த வரலாற்றைப் படிப்பேன். வெளியே தொடர்வண்டிகள் வந்து போய்க்கொண்டிருக்கும். உள்ளே நானோ, இன்னும் நிலமே உண்டாகாத காலத்தில் இருப்பேன்.

அந்த வரலாற்றைப் படிக்கையில் எனக்கு ஏற்பட்ட மலைப்பை எவ்வாறு கூறுவது? பதினெட்டாம் நூற்றாண்டில், தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றறியாத பிரசிய மெய்யியலாளர் ஒருவர், வெளியெங்கும் சிதறிக் கிடந்த துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து நடுவே ஞாயிறாகவும் சுற்றிலும் கோள்களாகவும் திரண்டன என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. நூலில் தம் பெயரைக்கூட அவர் இடவில்லை. பதிப்பாளர் நொடித்துப்போக, அச்சான படிகள் பூட்டிய கிடங்கில் முடங்கின. உலகம் பிறந்த கதை, கடன்காரர்களின் முத்திரைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

அவருக்குச் சற்று முன்னர் ஒரு பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர், வால்வெள்ளி ஒன்று ஞாயிற்றில் மோதி அதன் சதையைப் பிய்த்தெறிந்தது, அவ்வாறு சிதறியவையே கோள்கள் என்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் வேறொரு பிரெஞ்சுக்காரர், பெருங்கணிதர், சுழன்றபடியே சுருங்கும் வெப்ப வளிமுகில் ஒன்றைக் கற்பித்தார். சுருங்கச் சுருங்க அதன் வேகம் கூடும். கூடவே அது தன் இடையிலிருந்து வளையங்களைக் கழற்றிவிடும். ஒவ்வொரு வளையமும் ஒரு கோளாகும். இத்துணைப் பெரிய கருத்தை அவர் தம் நூலின் கடைசிக் குறிப்பு ஒன்றில், கணக்கிட்டுக் காட்ட இயலாதவற்றை ஐயத்தோடு கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையோடு வைத்தார். அந்தக் குறிப்பு நூறாண்டுக்கு மேல் உலகை ஆண்டது.

பிறகு வளையங்கள் வீழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் இருவரும், அவர்களை அடுத்து ஆங்கிலேயர் ஒருவரும், வானத்தின் ஆழத்திலிருந்து மற்றொரு விண்மீனை அழைத்து வந்தனர். அது ஞாயிற்றின் அருகே கடந்து சென்றது. நிலவு கடலை உயர்த்துவதுபோல் ஞாயிற்றின் உடலை உயர்த்தியது. எழுந்த தீ நாக்கு அறுந்து, துண்டு துண்டாகிக் கோள்களாயிற்று. இந்தக் கொள்கையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஞாயிற்றிலிருந்து பிடுங்கப்பட்ட அத்துணை வெப்பமான வளி திரளாது, கலைந்தே போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆய்வாளர்கள் மீண்டும் முகிலிடமே திரும்பினார்கள். நான் படித்துக்கொண்டிருந்த அந்த இரண்டாயிரங்களில், இளம் விண்மீன்களைச் சுற்றித் தூசுத் தட்டுகள் சுழலும் ஒளிப்படங்கள் நாளேடுகளிலேயே வரத் தொடங்கியிருந்தன. பூட்டிய கிடங்கில் கிடந்ததை இப்போது ஒளிப்படமாகக் காண முடிந்தது. இருக்கையை விட்டெழ மனமின்றி நூலகம் மூடும்வரை அமர்ந்திருந்த நாள்கள் பல.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு காலை, போர் சூழ்ந்த வன்னியிலிருந்து வந்த ஒருவரின் விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த உடல், யாரோ கொடுத்த, தோளில் தொங்கிய குளிர்ச்சட்டை. விசாரணை அலுவலர் ஐம்பதை அண்மிய பெண்மணி. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி; கேள்வியையும் விடையையும் அவர் அதிற் சொல்லச் சொல்ல, பின்னர் வேறொருவர் தட்டெழுதுவார். சாளர விளிம்பில் ஒரு கள்ளிச்செடி. நான் மேசையின் குறுக்குப் பக்கத்தில், இருவருக்கும் நடுவே.

முதற்கேள்வி எப்போதும் என்னைப் பற்றியது: மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா?

"ஓம், விளங்குது," என்றார் அவர். "ஆனா அண்ணை கதைக்கிறது வானொலியில செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

அதையும் நானே பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலர் முகத்தைத் திருப்பாமலே சிரித்தார்.

அவருடைய கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. சுருக்கம் இதுதான்: பதினொரு ஆண்டுகள் வன்னியில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பித்ததாகக் கூறினார். அப்பள்ளியில் ஆசிரியராய் இருந்ததனாலேயே, தென்பகுதிக்குக் கடக்கையில் சோதனைச் சாவடியில் படையினர் பிடித்து, நாற்பது நாள் அடைத்து வைத்தார்கள் என்றார். மனைவியும் மகளும் மன்னாரில் உறவினர் வீட்டில் காத்திருந்தார்கள். ஆசிரியர் என்பதற்குச் சான்றுத் தாள் ஒன்றும் அவரிடம் இல்லை. நியமனக் கடிதம் வீட்டோடு எரிந்தது. பள்ளிக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் பள்ளி நின்ற இடத்தில் இப்போது பள்ளியில்லை. அவர் ஆசிரியர் என்பது நம்பப்பட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அது நம்பப்படாவிட்டால் ஒன்றும் நிற்காது. இதனை மூவரும் அறிந்திருந்தோம்.

அலுவலர் கெட்டவர் அல்லர். புனைந்து கூறப்பட்ட பல வாழ்க்கைகளைக் கேட்டுக் கேட்டு, கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டவர். சிறிது நேரம் எழுதுகோலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "பதினொரு ஆண்டுகள் கற்பித்தீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டின் முதற்பாடம் எது? அதை எனக்கு நடத்துங்கள்," என்றார்.

விண்ணப்பதாரர், எழுந்து நிற்கலாமா என்று கேட்டார். அலுவலர் தலையசைத்தார். ஒரு தாளும் எழுதுகோலும் கேட்டார், கிடைத்தன. எழுந்து நின்றதும் நான் கண்ட மாற்றத்தை இன்றும் மறக்கவில்லை. அதுவரை குனிந்திருந்த கழுத்து நிமிர்ந்தது. குரல், வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவரை எட்டும் அளவுக்கு உயர்ந்தது. அச்சிறிய அறையில் அந்தக் குரலுக்கு இடம் போதவில்லை.

"பூமி எப்பிடி வந்தது? ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்காததை எப்பிடிச் சொல்லுறது? யோசிச்சுத்தான் சொல்லவேணும். மூண்டு பேர் மூண்டு விதமா யோசிச்சவை."

நான் பெயர்த்துக்கொண்டே திகைத்தேன். வால்வெள்ளி மோதியது முதலாவதாக வந்தது. வளையங்களைக் கழற்றும் வளிமுகில் அடுத்து வந்தது. நூலகத்து மேசையில் நான் தனியே பயின்ற அதே வரிசை, என் முன் நின்ற ஒரு மனிதரின் வாயிலிருந்து, கரும்பலகைத் தமிழில் வந்துகொண்டிருந்தது. இவ்விரண்டையும் அவர் நேர்மையாகச் சொன்னார். பிறகு, "இது ரெண்டும் சரிவரேல்லை," என்று தள்ளினார். மூன்றாவதற்கு வந்தபோது கண்கள் ஒளிர்ந்தன.

"நிலா கடலை இழுக்குது. வற்றுப்பெருக்கு எண்டு போன வருசம் படிச்சனாங்கள். இப்ப கடல் இருக்கிற இடத்தில சூரியனை வையுங்கோ. நிலா இருக்கிற இடத்தில, சூரியனிலும் பெரிய ஒரு நட்சத்திரம் கிட்டவாப் போகுது. என்ன நடக்கும்?"

தாளில் கோடு கீறினார். ஞாயிற்றிலிருந்து ஒரு நாக்கு நீண்டது. அது நீண்டு, அறுந்து, தனியே மிதந்தது.

"சுருட்டு மாதிரி. யாழ்ப்பாணச் சுருட்டு. நடுவில பெருத்து, ரெண்டு அந்தத்திலயும் மெலிஞ்சு."

சுருட்டை வெட்டுவதுபோல் அந்த உருவத்தைக் கோடுகளால் வெட்டினார். ஞாயிற்றுப் பக்கத்து மெலிந்த நுனியில் புதன். பெருத்த நடுவில் வியாழனும் சனியும். மறு நுனியில் புளூட்டோ. பிறகு அலுவலரின் முகத்தைப் பார்த்து, தாம் எங்கிருக்கிறோம் என்பதையே மறந்தவராய், "வியாழன் ஏன் பெருசு? நீங்கள் சொல்லுங்கோ," என்றார்.

கேள்வி கேட்பது அந்த அறையில் அலுவலரின் உரிமை. நானோ பெயர்க்கக் கடமைப்பட்டவன், பெயர்த்தேன். அலுவலர் சற்றே முன் சாய்ந்து தாளைப் பார்த்தார். "நடுவில் இருந்ததனால்," என்றார்.

"கெட்டிக்காரி," என்றார் அவர். சொன்ன கணமே வெட்கிப் போனார். "மன்னிக்கோணும் அண்ணை, பழக்கத்தில வந்திட்டுது. அதைச் சொல்லாதேங்கோ."

சொன்னேன். கெட்டிக்காரி என்பதையும், சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டதையும், இரண்டையும் சொன்னேன். அவ்வளவு வழுவாத மொழிபெயர்ப்பாளனாய் இருந்த நான், அதற்கு அடுத்த வாக்கியத்தில் பிழை செய்தேன்.

அவர் பாடத்தை முடித்து, "உலகம் இப்பிடித்தான் உண்டானது," என்றார். அது நெஞ்சார்ந்த கூற்று. ஐயத்தின் நிழல்கூட அதில் இல்லை. ஆனால் அந்த விண்மீன் அறிவியலிலிருந்து வெளியேறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதை நான் அறிவேன். நம்மவர் ஒருவர், அதுவும் கற்பித்தவர், கைவிடப்பட்ட கருத்தை ஓர் ஐரோப்பியப் பெண்ணின் முன் முடிந்த முடிபாகச் சொல்கிறாரே என்று நாணினேன். அவருக்காக நாணினேன் என்றே அன்று எண்ணினேன். உண்மையில் எனக்காகவே நாணியிருக்கிறேன். ஆகவே ஜேர்மன் மொழியில் இவ்வாறு சொன்னேன்: "முற்காலக் கொள்கை ஒன்றின்படி, உலகம் இவ்வாறு தோன்றியது."

தமிழர் தாழ்ந்துவிடக் கூடாது என்று நான் ஒட்டிய ஒட்டு அது. அலுவலர் அதை அப்படியே ஒலிப்பதிவுக் கருவிக்குள் சொன்னார்.

பிறகு கேட்டார்: "என் மகள் பள்ளியில் தூசுமுகில் என்று படித்ததாக நினைவு. நீங்கள் சொன்னது முற்காலக் கொள்கை என்றால், இக்காலக் கொள்கை எது?"

நான் தமிழிற் பெயர்த்தேன். அவர் குழம்பினார். "இதுதான் அண்ணை இப்பத்தைய கொள்கை. புத்தகத்தில கடைசியா இருக்கிறது இதுதான். இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை."

அலுவலரின் நெற்றி சுருங்கியது. "சற்று முன் இதை முற்காலக் கொள்கை என்றீர்கள். இப்போது இக்காலக் கொள்கை என்கிறீர்கள். எது சரி?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே," என்றார் அவர். என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வையன்று. உதவி கேட்கும் பார்வை.

முரண்பாடு என்னும் சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் உள்ள எடையை நான் அறிவேன். ஒரு தேதி, ஒரு பாலம், ஒரு தம்பியின் வயது ஆகியவற்றில் முரண்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் விடைகளை என் நாவே பெயர்த்திருக்கிறது. இங்கே முரணை இட்டவன் நான். நான் வாய் மூடியிருந்தால் அது அவருடையதாகவே பதிவாகும். மன்னாரில் இருவர் காத்திருப்பது அந்தப் பதிவை நம்பித்தான். வாய் திறந்தால் இத்தனை ஆண்டு நம்பகம் போகும். இவ்வாறெல்லாம் நிறுத்துப் பார்க்கும் நிதானம் அப்போது இருந்ததாக நான் பெருமை கொள்ள முடியாது. அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய் களகளத்தது நினைவிருக்கிறது. அந்த அறையில் இல்லாதவன்போல் இருக்க வேண்டியவன், முதன்முறையாக என் சொந்தக் குரலில் பேசினேன்.

"அந்தத் தொடர் அவருடையதன்று, என்னுடையது. அவர் 'உலகம் இப்படித்தான் உண்டானது' என்று மட்டுமே சொன்னார்."

அலுவலர் கருவியை நிறுத்தினார். வேறு ஏதேனும் சேர்த்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் சேர்த்தேன் என்று கேட்டார். கொள்கை பழையது, அதை அவர் அறியாதவராய்த் தோன்றுவதை நான் விரும்பவில்லை என்றேன். "அது உங்கள் பணியன்று," என்றார். "ஆம்," என்றேன். விசாரணையை நிறுத்திவிட்டு வேறு மொழிபெயர்ப்பாளரோடு முதலிலிருந்து நடத்துவதே முறை, அதற்கு மாதங்கள் ஆகலாம், அவருடைய விருப்பம் என்ன என்று கேட்கச் சொன்னார்.

நடந்ததனைத்தையும் அவரிடம் தமிழில் ஒப்புவித்தேன். அந்தக் கொள்கை இப்போது வழக்கில் இல்லை என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று. அதைக் கேட்டதும் அவர் கை தாளின்மீது, சுருட்டின் படத்தின்மீது, சென்று நின்றது. பிறகு சொன்னார்: "விசாரணையை மறிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அண்ணை பிழை விட்டவர், தானா எழும்பிப் பிழையெண்டு சொன்னவர். பள்ளிக்கூடத்தில அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

என்னைப் பற்றிய அச்சொற்களை என் வாயாலேயே பெயர்த்தேன். அலுவலர் கருவியை மீண்டும் இயக்கினார்.

இப்போது அவருடைய கேள்விகள் வேறு திசையில் சென்றன. எந்த நூல்? யார் வெளியிட்டது? விண்ணப்பதாரர் சொன்னார்: "அட்டை இல்லை. முதல் பக்கமும் இல்லை. நான் படிச்சதும் அந்தப் புத்தகந்தான், படிப்பிச்சதும் அதுதான். புதுசு வாற பாதையெல்லாம் மூடிக் கிடந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளையளுக்கு நாலு புத்தகம். நான் பலகையில எழுதுவன், அதுகள் பாத்தெழுதுங்கள்."

அலுவலர் தாளைத் தம் பக்கம் திருப்பினார். விரலால் ஓரிடத்தைத் தொட்டார். "சனிக்கு ஏன் இரண்டு வளையங்கள் வரைந்திருக்கிறீர்கள்? ஒன்றின்மேல் ஒன்று சரிந்தாற்போல்?"

அவரும் அப்போதுதான் அதைக் கவனித்தார் போலும். குனிந்து பார்த்து, மெல்லச் சிரித்தார். அந்த அறையில் அவருடைய முதற் சிரிப்பு.

"அச்சுப் பிழை. எங்கட புத்தகத்தில அந்தப் படம் சரிஞ்சு ரெண்டுதரம் விழுந்திருக்கு. நாலு புத்தகத்திலயும் அப்பிடித்தான். பிள்ளையளும் ரெண்டாத்தான் கீறுங்கள். ஒண்டு எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தன், ஏலாமப் போச்சு. கடைசியில நானும் ரெண்டாத்தான் கீறுறன்."

அதைப் பெயர்த்து முடித்தேன். அலுவலர் அந்தச் சரிந்த இரட்டை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். விண்மீன் ஒன்று ஞாயிற்றைக் கடந்ததாக ஓர் ஆங்கிலேயர் எண்ணினார். அந்த எண்ணம் தமிழாகி அச்சேறியது. அச்சு ஒருநாள் சரிந்தது. உலகம் அந்த எண்ணத்தைக் கைவிட்ட பின்னரும், அடைபட்ட ஒரு நிலத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அதைக் கையால் பார்த்தெழுதினார்கள். அத்தனையும் நடந்து முடிந்து, அந்த வளையம் இப்போது ஜேர்மன் அரசின் கோப்பில் சேரக் காத்துக் கிடந்தது. எந்த முத்திரைத் தாளால் இப்படிச் சான்று சொல்ல முடியும்? நானும் அந்த அறிவியலைக் கற்றவன்தான். ஆனால் அதன் கைவிடப்பட்ட பிழைக்கும் இத்தகைய ஆற்றல் உண்டென்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

அலுவலர் சற்றே இளகிய குரலில், சென்ற ஆண்டுதான் வானியலாளர்கள் கூடிக் கடைசிக் கோளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள், அது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். புளூட்டோ இனிக் கோள் இல்லை என்று பெயர்த்தேன்.

"அப்ப சுருட்டின்ர நுனியையும் நறுக்கிப்போட்டாங்கள்," என்றார் அவர். அதைக் கேட்டு அலுவலர் வாய்விட்டே சிரித்தார்.

விசாரணையின் இறுதியில் பதிவுரை முழுவதையும் விண்ணப்பதாரருக்கு அவர் மொழியில் வரி வரியாகத் திரும்பச் சொல்வது வழக்கம். அன்று அதற்கு ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. "மேற்குறித்த தொடர் மொழிபெயர்ப்பாளரால் சேர்க்கப்பட்டது, விண்ணப்பதாரருடையதன்று" என்ற வரியையும் நான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தாளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார், மாணவன் ஒப்பிக்கக் கேட்கும் ஆசிரியரைப்போல. ஓரிடத்தில் கையை உயர்த்தி, "அதில வெள்ளியை விட்டுட்டியள் அண்ணை," என்றார். விட்டிருந்தேன். அதுவும் திருத்தப்பட்டது.

கையொப்பம் இட்ட பின் தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்: "அவா நம்பிறாவோ?"

அதற்கு விடை சொல்ல எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு ஒரு மீறல் போதும். கேள்வியை அப்படியே அலுவலரிடம் பெயர்த்தேன். அவர் கோப்பை மூடிக்கொண்டே, "முடிவு எழுத்தில் வரும்," என்றார். வழக்கமான விடை. ஆனால் படத்தை அவர் மடிக்கவில்லை. மடிப்பு விழாமல் ஒரு கண்ணாடித்தாள் உறையில் இட்டார்.

அதன்பின் அந்த அலுவலகம் என்னைச் சில மாதங்கள் அழைக்கவில்லை. முறைதானே. நான் முறையிடவும் இல்லை.

அடுத்த வேனிலில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவர் எங்கள் வீட்டு வாயிலில் நின்றார். தமிழ்க் கடையில் விசாரித்து முகவரி அறிந்ததாகச் சொன்னார். கையில் ஒரு தடித்த கடித உறை. உடைத்திருந்தார், ஆனால் மொழி விளங்கவில்லை. படித்துச் சொல்ல வேறு ஆளில்லை என்பதில்லை. "உங்கட வாயால கேக்கோணும்," என்றார். என் மனைவி தேநீர் வைத்தார். சமையலறை மேசையில் கடிதத்தை விரித்தேன்.

இம்முறை ஒரு சொல்லையும் கூட்டாமலும் குறைக்காமலும் படித்தேன். அவருக்குப் பாதுகாப்பு வழங்கப்பட்டிருந்தது. காரணங்கள் கூறும் பகுதியில், அவர் ஆசிரியத் தொழில் புரிந்தமை நம்பத்தக்கது என்றும், நடத்திக்காட்டிய பாடமும், இணைக்கப்பட்ட படமும், நூலைப் பற்றிய விவரங்களும் பிறரிடம் கேட்டு மனனம் செய்து ஒப்பிக்கக்கூடியவை அல்ல என்றும் எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை இருமுறை படிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இனி மனிசியையும் மகளையும் கூப்பிடலாம்," என்றார், சுவரைப் பார்த்து.

தேநீர் பாதியில், எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தது. "பதினொரு வருசம் பிழையாப் படிப்பிச்சிருக்கிறன், என்ன அண்ணை?"

நான் ஆறுதல் கூற முற்பட்டேன். அவர் கையமர்த்தினார். "அது இருக்கட்டும். சரியானதைச் சொல்லுங்கோ. இப்ப என்னண்டு சொல்லுறாங்கள்?"

சொன்னேன். தூசும் வளியும் கலந்த பெருமுகில். தன் ஈர்ப்பாலேயே அது சுருங்குதல். சுருங்கச் சுருங்கச் சுழற்சி விரைதல். நடுவே ஞாயிறு, சுற்றிலும் தட்டு. தட்டில் துகள்கள் ஒட்டிக் கல்லாகி, கற்கள் மோதி மலையாகி, மலைகள் சேர்ந்து கோளாதல். கேட்கும்போது அவர் கண்கள் அசையவில்லை. நான் முடித்த பிறகும் சிறிது நேரம் கோப்பையின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பொறுங்கோ அண்ணை. சுருங்கச் சுருங்க வேகம் கூடுமெண்டா, முழுக்கச் சுருங்கி நடுவில நிக்கிற சூரியனெல்லோ எல்லாத்திலும் வேகமாச் சுத்தவேணும்? அது ஒருக்காச் சுத்த இருபத்தஞ்சு நாள் எடுக்குது. மெதுவாவெல்லோ சுத்துது. மிச்ச வேகம் எங்க போனது?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த ஒரு கேள்விதான் பிரெஞ்சுக் கணிதரின் வளையங்களைப் பெரிதும் வீழ்த்தியது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஆய்வாளர்கள் வெளியிலிருந்து ஒரு விண்மீனை அழைத்து வந்தார்கள். அப்படித்தான் அது அவருடைய அட்டையில்லாத நூலுக்குள் நுழைந்தது. பேரறிஞர்கள் பலர் ஒரு நூற்றாண்டாக மோதிப் பார்த்த சிக்கலை, இவர் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுமுன்னர் தாமே கண்டு எழுப்பிவிட்டார். அதுவரை கடிதத்தை நம்பியே அவரை ஆசிரியர் என்று கொண்டிருந்தேன் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றின் காந்தப்புலம் அதன் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தியிருக்கலாம் என்று படித்திருக்கிறேன் என்றும், முழு விடை எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

"அப்ப அது இன்னும் கேள்விதான்," என்றார். மனைவியிடம் ஓர் எழுதுகோல் கேட்டு வாங்கினார். அலுவலகம் அனுப்பிய அந்தக் கடித உறையைக் கவிழ்த்து, அதன் வெற்றுப் பக்கத்தில் கேள்வியை எழுதத் தொடங்கினார். எழுத்துகள் மிகப் பெரியவை. ஒவ்வொன்றையும் அழுத்தி, பிரித்து, கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெரியும்படி எழுதினார்.